டெல்டாக்காரங்க எரிமலைக் காட்டுல ஒரு சுத்து ஓடணும்னா என்ன செய்யணும்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மாயவரம் பக்கத்துலேர்ந்து புள்ளைங்க வீட்டுக்குன்னு அமெரிக்கா போறவங்க இப்ப தெருவுக்கு ரெண்டு பேராச்சும் இருக்காங்க. அதுல பாய்சி ஊர்ல பையனோ பொண்ணோ இருந்தா லீவு நாள்ல கண்டிப்பா கூட்டிட்டு போற இடம் ஒன்னு இருக்கு, கிரேட்டர்ஸ் ஆஃப் த மூன், ஐடஹோ மாநிலத்துல, பாய்சிலேர்ந்து கார்ல மூணு மணி நேரம். பாக்கற பக்கம் எல்லாம் கருப்பு, எரிமலைக் குழம்பு ஓடி அப்படியே ஒறைஞ்சு கெடக்கற பூமி. இங்க தினம் காலைல எந்திரிச்சு ஓடற ஆளுங்களுக்கு அதப் பாத்தா கால் சும்மா இருக்காது. ஓடலாம், தாராளமா ஓடலாம், ஆனா இங்கேர்ந்தே ரெண்டு மூணு மாசம் தயார் பண்ணிட்டு போனாதான் நல்லா இருக்கும், அதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்தது எல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது. நம்ம ஊர்ல ஓடுனா பத்து நிமிஷத்துல பனியன் நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கும், அதப் பாத்துதான் நாம தண்ணி குடிக்கணும்னு முடிவு பண்றோம். அங்க காத்து அவ்ளோ வறட்சி, வேர்வை வெளில வந்த உடனே ஆவியா போயிடும், சட்டை காஞ்சே இருக்கும், "பரவால்லயே வேர்க்கவே இல்ல"ன்னு தோணும், ஆனா உள்ள இருக்கற தண்ணி நிக்காம போயிட்டே இருக்கும். நெத்தியத் தடவிப் பாத்தா உப்பு சொரசொரன்னு கைல வரும், அது வரைக்கும் தெரியாது. டெல்டா உடம்புக்கு இருக்கற ஒரே பெரிய ஆபத்து இதுதான், மேடு பள்ளம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

அந்த எடத்தப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சிக்கங்க, ஏன்னா தரை எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா கால எங்க வைக்கறதுன்னு தானா புரியும். கிரேட் ரிஃப்ட்னு பூமில நீளமா ஒரு வெடிப்பு, சுமார் 85 கிலோமீட்டர் நீளம், அது வழியா 15,000 வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு 2,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எட்டு கட்டமா லாவா வந்துருக்கு. ஒரே ஒரு பெரிய மலை வெடிச்சதுன்னு நெனைக்காதீங்க, வெடிப்பு நெடுக சின்னச் சின்ன வாயா தொறந்து கக்கிருக்கு. கடைசியா லாவா ஓடுன காலம்னா நம்ம கணக்குல கரிகாலன் கல்லணை கட்டுனதா சொல்ற காலத்துக்குப் பக்கம். திருவாரூர் கமலாலயக் குளக்கரைல என் கூட நடக்கறவர் ஒருத்தர் "ஏண்ணே, நீங்க ஓடும்போது வெடிச்சிடாதா?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். மறுபடி வெடிக்கும்னுதான் விஞ்ஞானிங்க சொல்றாங்க, ஆனா அது வர்றதுக்கு முன்னாடி நிலநடுக்கம் மாதிரி அறிகுறி காட்டும், அதனால அந்த பயம் வேணாம். 1924ல அப்ப ஜனாதிபதியா இருந்த கால்வின் கூலிட்ஜ் இத தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாரு. 1969ல ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல், யூஜின் சர்னன், ஜோ எங்கிள்னு நாலு விண்வெளி வீரருங்க வந்து எரிமலைக் கல்லப் பாத்துப் படிச்சிட்டு போனாங்க, அதுல மூணு பேர் பின்னாடி நிலாவுலயே எறங்குனாங்க.

எந்தப் பாதைல ஓடறதுன்னு கேட்டா, முதல் தடவைக்கு ப்ரோக்கன் டாப் லூப். ஒரு சுத்து 1.8 மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2.9 கிலோமீட்டர். "இவ்ளோதானா"ன்னு நெனைக்கறவங்க இருப்பீங்க, கமலாலயத்துல அஞ்சு சுத்து அசராம ஓடற ஆளுங்க இருக்காங்க எனக்குத் தெரியும், ஆனா அங்க அந்த மூணு கிலோமீட்டரு இங்க ஆறுக்கு சமமா உடம்ப எடுத்துக்கும். விசிட்டர் சென்டர் இருக்கற எடமே சுமார் 1,800 மீட்டர் உயரம், நாம இருக்கறது திருவாரூர் நாகப்பட்டினம் பக்கம்னா கிட்டத்தட்ட கடல் மட்டம். அந்த உயரத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கற ஆக்சிஜன் இங்கத்த விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஊர் வேகத்துல கெளம்புனீங்கன்னா அரை கிலோமீட்டர்லயே மூச்சு எரைக்கும்.

எப்ப போறதுன்னா, மே கடைசி ஜூன், இல்லன்னா செப்டம்பர். குளிர்காலத்துல பனி கொட்டி உள்ள போற 7 மைல் ரோட்டையே மூடிடுவாங்க, பொதுவா நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் கார் போகாது. ஜூலை ஆகஸ்ட்ல மதியம் அந்தக் கருப்புத் தரை 60 டிகிரி செல்சியஸத் தாண்டி சுடும், கீழேர்ந்தும் வேகும் மேலேர்ந்தும் வேகும், வேணாம். ஜூன் ஆரம்பத்துல போனா இன்னொரு பெரிய நல்லது, கருப்பு சாம்பல் மேட்டுல குட்டிக் குட்டியா ரோஸ் கலர்ல பூ பூத்துருக்கும்.

நமக்கு இந்த ஜூன் கணக்கு அழகா ஒத்துப்போகுது பாருங்க. மேட்டூர வழக்கமா ஜனவரி 28ல மூடிட்டு ஜூன் 12ல தொறக்கறாங்க, அதனால பிப்ரவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் ஆறு காஞ்சு மணல் வெளில தெரியும். அந்த நாலு மாசம்தான் நம்ம பயிற்சிக் காலம்.

பயிற்சியில முதல் விஷயம் மணல். காவேரியோ கொள்ளிடமோ உங்க ஊர் பக்கம் எது இருக்கோ அதுல எறங்கி வாரத்துல ரெண்டு நாள் மணல்ல ஓடுங்க, ஷூ போட்டே ஓடுங்க. அங்க பாதைல பாதி எடம் சிண்டர்னு சொல்ற எரிமலைச் சரளை, காலுக்கு கீழ உருண்டு வழுக்கி ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பின்னாடி இழுக்கும், அதுக்கு கெண்டைக்கால் பழகணும், மணலத் தவிர டெல்டால அதுக்கு வேற வழி இல்ல. ஆனா ஒன்னு, மணல் அள்ளுன பள்ளம் இருக்கற எடத்துக்கு போகாதீங்க, வெளிச்சம் வந்த அப்புறம்தான் எறங்கணும், ஆத்துல தண்ணி தெறக்கறாங்கன்னு அறிவிச்சிட்டா அன்னையோட நிறுத்திடணும். கொள்ளிடத்துல முக்கொம்புலேர்ந்து உபரி தண்ணி விட்டா படுகைல நிக்கறவங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ரெண்டாவது வரப்பு. சித்திரை வைகாசில வயல் காஞ்சு வெடிச்சு கெடக்கும், அப்ப வரப்பு மேல மெதுவா ஓடிப் பழகுங்க, ரெண்டு அடி கூட அகலம் இருக்காது, பாதத்த நேரா வைக்க கணுக்கால் தானா வேலை செய்யும். எங்க அப்பா காலத்து ஆளுங்க தலைல நாத்துக்கட்டோட இதே வரப்புல ஓட்டமும் நடையுமா போனவங்க, அவங்களுக்கு கணுக்கால் சுளுக்குன்னா என்னன்னே தெரியாது. கண்ண ரொம்ப கிட்டயும் வைக்காதீங்க, ரொம்ப தூரத்துலயும் வைக்காதீங்க, பத்து அடி முன்னாடி பாத்துட்டு ஓடணும், இதே பார்வைதான் லாவாப் பாதைலயும் வேணும். பாம்பு இருக்கற எடம்னு உங்க ஊர்க்காரங்க சொன்னா அந்த வரப்பு வேணாம்.

மூணாவது ஏத்தம். இதுதான் நம்ம ஊர்ல கிடைக்காத பொருள், மேம்பாலத்தத் தாண்டி ஒரு மேடு கிடையாது. ரயில்வே மேம்பாலம் பக்கத்துல இருந்தா காலைல வண்டி வர்றதுக்கு முன்ன ஏறி எறங்கலாம், திருவையாறு புஷ்ய மண்டப படித்துறை மாதிரி படித்துறைங்க இருக்கு, குளிக்கறவங்களுக்கு எடைஞ்சல் இல்லாத நேரமா பாத்து ஏறி எறங்குங்க, மாசத்துக்கு ஒரு தடவை திருச்சிக்கு போய் உச்சிப் பிள்ளையார தரிசனம் பண்ணிட்டு வாங்க, 400க்கு மேல படி, ஓட வேணாம், கோயில் படில ஓடவும் கூடாது, எங்கயும் ஒக்காராம ஒரே சீரா ஏறுனாலே போதும். முடிஞ்சா கெளம்பறதுக்கு முந்தின மாசம் ரெண்டு நாள் கொடைக்கானல் போயிட்டு வாங்க, அது சுமார் 2,100 மீட்டர், ஏரிய சுத்தி ஒரு ரவுண்டு 5 கிலோமீட்டர் போல வரும். அங்க ஓடிப் பாத்தா ஒசரத்துல உங்க மூச்சு எப்படி நடந்துக்குதுன்னு தெரிஞ்சிடும், எந்த வேகத்துல பக்கத்துல வர்றவங்க கிட்ட முழு வாக்கியம் பேச முடியுதோ அதுதான் உங்க வேகம். அந்த வேகத்த மனசுல வாங்கிக்கங்க. வாட்ச்ல காட்டற நிமிஷக் கணக்கு இங்கயே விட்டுட்டு போயிடலாம்.

தினப்படி ஓட்டத்துக்கு நம்ம குளக்கரைங்களே போதும். திருவாரூர்ல கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலின்னு சொல்லுவாங்களே, வேலின்னா பழைய நில அளவு, அந்த அஞ்சு வேலி கமலாலயத்து நாலு கரையும், மன்னார்குடின்னா ஹரித்ரா நதி, கும்பகோணம்னா மகாமகக் குளம், தஞ்சாவூர்னா அன்னை சத்யா ஸ்டேடியம். உங்க குளத்து ஒரு சுத்து எவ்ளோன்னு அளந்து 2.9 கிலோமீட்டருக்கு எத்தனை சுத்துன்னு பாத்துக்கங்க, அத ரெண்டு மடங்கு நிறுத்தாம பேசிக்கிட்டே ஓட முடிஞ்சா நீங்க தயார்.

இன்னொரு சின்ன வேலை இங்கயே பண்ணணும், இதச் செய்யறவங்க ரொம்ப கம்மி ஆனா எனக்கு இது பெரிய விஷயமா படுது. ஓடறதுக்கு முன்னாடி எடை பாருங்க, ஓடி முடிச்சு ஒடம்ப தொடைச்சிட்டு மறுபடி பாருங்க. நடுவுல தண்ணி குடிக்கலன்னா ஒரு கிலோ கொறைஞ்சிருந்தா ஒரு லிட்டர் வேர்வை போயிருக்குன்னு அர்த்தம். உங்க உடம்பு அரை மணி நேரத்துக்கு எவ்ளோ விடுதுன்னு ஒரு கணக்கு கைல கிடைச்சிடும், அங்க போனா வேர்வை கண்ணுக்குத் தெரியாதுல்ல, அப்ப இந்தக் கணக்கு வச்சுதான் குடிக்கணும், தாகத்த நம்பக்கூடாது. சுகர், பிபி, இதயம், கிட்னி எதாச்சும் இருக்கறவங்க டாக்டர் கிட்ட ஒசரத்துல ஓடப் போறேன்னு சொல்லிக் கேட்டுட்டுதான் போகணும், இதுல சமாதானமே கிடையாது.

அடுத்து ஷூ. ரோட்டுல ஓடற மெல்லிசு ஷூ வேணாம், அடில பல்லு வச்ச ட்ரெயில் ஷூ வாங்குங்க, முன்பக்கம் கட்டியா இருக்கணும். இங்கயே வாங்கி ஒரு மாசம் மணல்லயும் வரப்புலயும் போட்டு பழகிட்டு கொண்டு போங்க, புது ஷூவ அங்க போய் பிரிக்காதீங்க. லாவால ரெண்டு விதம் பாப்பீங்க, ஒன்னு பஹோய்ஹோய், கயிறு முறுக்குன கணக்கா வழவழன்னு மடிப்பு மடிப்பா இருக்கும், இன்னொன்னு ஆ ஆ, அது முழுக்க கூரு, கை பட்டாலே கிழிக்கும். 1920ல ராபர்ட் லிம்பர்ட்னு ஒருத்தரு கூட ஒரு ஆளையும் ஒரு நாயையும் கூட்டிக்கிட்டு இந்தக் காட்ட 17 நாள் கால்நடையா கடந்தாரு, அவரு எழுதுன கட்டுரைதான் இந்த எடத்த நாடு முழுக்க தெரிய வச்சது. மூணு நாள்லயே நாயோட பாதம் தேஞ்சு ரத்தம் வந்துடுச்சு, அதுக்கு மேல அதைத் தூக்கிட்டுதான் நடந்துருக்காங்க. இப்பவும் பாதைங்கள்ல நாயக் கூட்டிட்டு போக அனுமதி இல்ல, புள்ளைங்க வீட்டுல நாய் இருந்தா அத முன்னாடியே யோசிச்சுக்கங்க. ஒரு ஜோடி மெல்லிசு கையுறை இடுப்புல சொருகிக்கங்க, தடுக்குனா நாம எல்லாரும் மொதல்ல கையத்தான் ஊணுவோம்.

பாய்சி போய் எறங்குன ரெண்டு நாள் ஓடவே ஓடாதீங்க, நடங்க, தூங்குங்க, தண்ணி குடிங்க. மூக்கு காயும், ஒதடு வெடிக்கும், ராத்திரி மூக்கு ஓரத்துல ஒரு சொட்டு தேங்காண்ணெய், ஒதட்டுல கொஞ்சம் வெண்ணெய், போதும். ஒன்னுக்குப் போறது வெளிர் மஞ்சளா இருக்கணும், கருத்து மஞ்சளா போச்சுன்னா இன்னும் குடிக்கணும். அந்த வறட்சி எவ்ளோன்னா, 1860கள்ல குட்டேல்ஸ் கட்டாஃப்னு இந்த லாவா ஓரமா மாட்டு வண்டில குடும்பம் குடும்பமா மேற்க போனவங்களுக்கு வண்டிச் சக்கரத்து மரமே சுருங்கிடுமாம். சக்கரம் செஞ்ச ஆசாரிங்களத் தெரிஞ்ச நமக்கு அது எவ்ளோ பெரிய சங்கதின்னு புரியும்.

ஓடற அன்னைக்கு வெள்ளென கெளம்பணும்னா முந்தின ராத்திரி ஆர்கோ ஊர்ல தங்குறது நல்லது, அங்கேர்ந்து 18 மைல்தான். ஜூன்ல காலை 6 மணி வாக்குல விடியும், அப்ப நல்லா குளிரும், ஒரு முழுக்கை மேல் சட்டை போட்டுட்டு ஆரம்பிச்சு சூடு ஏறுனதும் இடுப்புல கட்டிக்கங்க. காலைல தவறிட்டா சாயங்காலம் 7 மணிக்கு மேல ஓடலாம், ராத்திரி 9 தாண்டிதான் இருட்டும். மதியத்துக்கு மேல காத்து பலமா அடிக்கும், இடி மின்னல் தெரிஞ்சா அந்த வெட்டவெளில நிக்காம காருக்கு வந்துடுங்க. தண்ணி விசிட்டர் சென்டர்லயே ரொப்பிக்கங்க, பாதைல ஒரு சொட்டு கிடைக்காது. ஆளுக்கு ஒரு சுத்துக்கு ஒரு லிட்டர், ரெண்டு சுத்துன்னா ரெண்டு லிட்டர், அதுல ஒரு பாட்டில் ஓஆர்எஸ். பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு மடக்கு, வேணும்னு தோணுதோ இல்லையோ குடிச்சிடணும். போன் சிக்னல நம்பாதீங்க, எந்தப் பாதைக்கு போறீங்க எப்ப வருவீங்கன்னு கார்ல இருக்கறவங்க கிட்ட சொல்லிட்டு போங்க.

ஒரு ஈரத் துண்டு கழுத்துல போட்டுக்கங்க. நம்ம ஊர்ல அது பத்து நிமிஷத்துல வெந்நீர்த் துண்டா ஆயிடும், அங்க வறண்ட காத்து பட்டு ஆவியாக ஆவியாக கழுத்து சில்லுன்னு இருக்கும், நம்ம தேங்காப்பூ துண்டுக்கு அந்த ஊர்லதான் உண்மையான மதிப்பு.

பாதை ட்ரீ மோல்ட்ஸ் பக்கம் இருக்கற பார்க்கிங்லேர்ந்து ஆரம்பிக்குது. ஏத்தம் வர்ற எடத்துல நடங்க, நடக்கறதுல ஒரு கௌரவக் கொறைச்சலும் இல்ல. ஒடம்ப லேசா முன்னாடி சாச்சு, அடிய சின்னதா வைங்க. சரளை மேட்டுல எறங்கும்போது குதிகால ஊணி பிரேக் போடாதீங்க, வழுக்கி விட்ரும், முட்டிய கொஞ்சம் மடக்கி சின்னச் சின்ன அடியா பாதம் முழுசும் பட எறங்கணும், இதுக்குத்தான் ஆத்து மணல்ல அவ்ளோ நாள் ஓடுனது. மேட்டுல வெள்ளையா சாம்பல் பூத்தாப்ல குட்டிச் செடிங்க, பக்வீட் வகை, நடவு வயல் மாதிரி எடைவெளி விட்டு நிக்கும், யாரோ அளந்து நட்டாங்களோன்னு தோணும். ஒவ்வொரு செடியும் கெடைக்கற கொஞ்ச ஈரத்துக்காக வேர ரெண்டு மூணு அடிக்குப் பரப்பி வச்சுருக்கு, அதனாலதான் பக்கத்துல இன்னொன்னு வராது. பாதைய விட்டு ஒரு கால் வெளில வச்சா அந்த வேர் மேலதான் வைப்பீங்க, அந்தத் தடம் வருஷக்கணக்கா மறையாது. தண்ணியோட அரும தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம, அந்தச் செடிக்கு அந்த மரியாதைய கண்டிப்பா குடுக்கணும்.

பாதி தாண்டுனா ப்ளூ டிராகன்னு ஒரு லாவா ஓட்டம் தெரியும், வெயில் சாஞ்சு அடிக்கும்போது கல்லு மேல நீலமா மினுமினுக்கும். அத ஓடிக்கிட்டே பாக்காதீங்க, விழுறதெல்லாம் அங்கதான். நில்லுங்க, நின்னு பாருங்க, மூச்சு அடங்கட்டும், தண்ணி குடிங்க, அப்புறம் ஓடுங்க. பஃபலோ கேவ்ஸ்னு லாவாக் குகை ஒன்னும் வழில வரும், உள்ள எறங்கணும்னா விசிட்டர் சென்டர்ல முன்னாடியே பர்மிட் வாங்கிருக்கணும், காசு கிடையாது. வௌவாலுங்கள கொல்ற ஒரு பூஞ்சை நோய் பரவாம இருக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு, வேற எந்தக் குகைக்காச்சும் போன ஷூவோ துணியோ போட்டுருக்கீங்களான்னு கேப்பாங்க, உள்ளத சொல்லுங்க. நடந்து வர்றவங்க எதிர்ல வந்தா ஓடற நாமதான் நின்னு வழி விடணும். ஞாபகத்துக்குன்னு ஒரு சின்னக் கல்லு கூட எடுக்கக்கூடாது, அது அங்க குற்றம்.

தலை பாரமா இருக்கு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, குளிர் நடுக்கம் எடுக்குதுன்னா அந்த நிமிஷமே ஓட்டத்த நிறுத்திட்டு நெழல் இருந்தா ஒக்காந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, கூட வர்றவங்க கிட்ட உடனே சொல்லுங்க. முதல் சுத்து முடிச்சு நல்லா இருந்தா கால் மணி நேரம் கழிச்சு ரெண்டாவது சுத்து எதிர்த் திசைல போங்க, ஏத்தம் எல்லாம் எறக்கமா மாறி புதுப் பாதையா தெரியும்.

முடிச்சதும் காருக்குள்ள ஏறி ஏசி போட்டுக்காதீங்க, பத்து நிமிஷம் நடந்து உடம்ப ஆற விடுங்க. ஷூவக் கழட்டி உள்ள இருக்கற சரளையத் தட்டி அங்கயே கொட்டிடுங்க, சாக்ஸ மாத்துங்க, பாதத்துல கீறல் இருந்தா கழுவி மருந்து போடுங்க. சாப்பாட்டுக்கு தயிர்சாதம் எலுமிச்சை ஊறுகாயோட கட்டி எடுத்துட்டு போங்க, தண்ணியும் உப்பும் மாவும் ஒன்னா உள்ள போற அத விட நல்ல சாப்பாடு ஓடி முடிச்ச வயித்துக்கு எனக்குத் தெரிஞ்சு இல்ல. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் தண்ணி குடிக்கறத விடாதீங்க, மறுநாள் கெண்டைக்கால் வலிக்கும், அதுக்கு மறுநாள் மெதுவா நடந்தா சரியாயிடும்.